உஷார்! திருக்கடையூர் போகும் வேன் தரங்கம்பாடிக்குத் திரும்புகிறதா?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ வைத்திருக்கும் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் குடும்பங்கள் வேன் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மாலை மாற்றி, பந்தி முடிந்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு, தரங்கம்பாடி பக்கந்தானுங்க, ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிரலாம்." பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. தாராளமாகப் போங்கள். ஆனால் கடலில் குளிக்க இறங்காதீர்கள்!

பார்க்க வேண்டிய ஊர்தான். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புத்தகம் அச்சடித்தது இங்கேதான். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கதவு பூட்டியிருந்தால் கூட்டம் நேரே தண்ணீருக்குத்தான் போகும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள், பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்காலில் ஆட்டம் போட்டவர்கள் நாம். "எனக்கா நீச்சல் தெரியாது?" என்ற தைரியம் கடலில் செல்லாது. கரையில் நின்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கறுத்து, சாதுவாகத் தெரியும். "இங்கதான் அமைதியா இருக்கு" என்று குழந்தையை அங்கே இறக்குவார்கள். அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அது. அந்த இழுப்பை எதிர்த்து நீந்திக் கரையேறத் தேர்ந்த நீச்சல்காரராலும் முடியாது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளின் ஓரத்திலும் இப்படி இழுக்கும். பாசி வேறு வழுக்கும்.

கோவையிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்த உடம்பு, வயிறு நிறைய விருந்து, இடுப்பில் பட்டு வேட்டி. நனைந்த வேட்டியும் சேலையும் காலைச் சுற்றிக்கொண்டால் முழங்கால் தண்ணீரே எமனாகும்.

இதெல்லாம் வீண் பயமா? 2024 மே 6 அன்று, நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்கு வந்த திருச்சி மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. கள்ளக்கடல் என்பது எங்கோ தொலைதூரத்தில் கிளம்பி வரும் பேரலை; இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தரங்கம்பாடிக் கடலின் குணத்துக்கு 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலே சாட்சி. கற்கோயிலின் முன்பகுதியையே அலை கொண்டுபோய்விட்டது.

வேன் கிளம்பும் முன் இவற்றை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்:

* கால் நனைப்பதென்றால் கணுக்கால் வரை. குழந்தையின் கை பெரியவர் கையில் இருக்கட்டும். போட்டோவுக்காகக் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.
* தண்ணீரின் போக்கை மீனவர்களிடம் கேளுங்கள். "வேண்டாம் சார்" என்றால் வேண்டாம்தான்.
* குடித்தவர் வேனிலேயே இருக்கட்டும்.
* இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி அலை உடையும் இடத்துக்கு வந்து கரையேறுங்கள்.
* ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிக்காதீர்கள். குடும்பமே போவது அப்படித்தான். வேன் மேலே கட்டிய கயிறு, மூடி போட்ட காலி தண்ணீர் கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள்.
* கடலோரக் காவல் 1093, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஆயுள் நீள வேண்டும் என்றுதானே திருக்கடையூர் போகிறீர்கள்? கோட்டையைப் பாருங்கள், கரையில் காற்று வாங்குங்கள், குளியலை லாட்ஜ் பக்கெட்டோடு முடித்துக்கொள்ளுங்கள்.