டிராயிங் மேஜைக்குப் போக ஆசைப்பட்டவர்
(நமது பெங்களூர் நிருபர்)

பீன்யாவில் ஷிப்டு விடுகிற நேரத்தில் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பேச்சு காதில் விழும். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமா படித்தவர்கள். பகலெல்லாம் சி.என்.சி. மெஷினோடு நின்றவர்கள். இவர்களில் பலருக்கு உள்ளூர ஓர் ஆசை உண்டு. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிற உத்தியோகத்துக்கு மாற வேண்டும்.

என் தங்கை கணவரும் அவர்களில் ஒருவர். மெக்கானிக்கல் டிப்ளமா, கான்ட்ராக்டில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. 2022ல் ஒரு தனியார் பயிற்சிக் கூடத்தில் 45,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தார். தங்கையின் வளையல் அடகுக்குப் போயிற்று. மூன்று மாதத்தில் ஐந்து சாப்ட்வேர் சொல்லிக் கொடுத்து, தங்க நிற எழுத்தில் சர்டிபிகேட்டும் தந்தார்கள்.

இன்டர்வியூவில் அந்தச் சர்டிபிகேட்டை யாரும் புரட்டவில்லை. ஒரு டிராயிங்கை விரித்து, "இது பர்ஸ்ட் ஆங்கிளா, தேர்ட் ஆங்கிளா? இந்தத் துவாரத்துக்கு டாலரன்ஸ் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார்கள். தினமும் வெர்னியரில் அளக்கிற மனிதர்தான். ஆனால் 'ஏன்' என்றதும் வாய் அடைத்துவிட்டது.

"மச்சான், பட்டன் எல்லாம் தெரியுது. படம்தான் தெரியலை" என்றார் வீட்டுக்கு வந்து.

எனக்கோ பார்சல் ஆபீசில் ரசீது எழுதத்தான் தெரியும். ஆனால் ரெயில்வேயில் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். டி-ஸ்கொயரும் டிரேசிங் பேப்பருமாக வாழ்ந்தவர். ஆட்டோகேட் வந்ததே 1982ல்தான்; அதற்கு முன் எல்லாம் கைதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாப்பிள்ளையை அவரிடம் அனுப்பினேன்.

அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஒரு தீப்பெட்டியைப் படத்தாளின் மேல் வைத்தார். வலது பக்கமாகப் புரட்டினார். பெட்டியின் இடப்பக்கம் மேலே வந்தது. "இடப்பக்கத்துப் படம் வலது கைப்பக்கம் வரும். உங்கள் பக்கமாகப் புரட்டினால் தலைப்பக்கத்துப் படம் கீழே வரும். இதுதான் பர்ஸ்ட் ஆங்கிள். நம் நாட்டு வழக்கம் இது. அமெரிக்காக்காரன் படத்தில் எல்லாம் தலைகீழ்" என்றார். காலேஜில் மூன்று வருஷம் புரியாதது தீப்பெட்டியில் புரிந்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். டாலரன்ஸ் பாடத்துக்கு ஒரு பழைய பேரிங்கும் ஒரு ஷாப்டும் போதுமானதாக இருந்தன. சுழல வேண்டியதற்கு இடைவெளி வேண்டும், இறுக வேண்டியதற்கு இடைவெளி கூடாது என்பதிலிருந்து எல்லாம் பிறக்கிறது.

பிறகுதான் கம்ப்யூட்டர். எஸ்.பி. ரோடில் பழைய மெஷின் ஒன்று 14,000 ரூபாய்க்கு வாங்கினோம், எட்டு ஜி.பி. மெமரி. ஆரம்பத்துக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. சாப்ட்வேருக்குக் காசே இல்லை. ப்ரீகேட் என்று ஒன்று. யாரும் இறக்கிக்கொள்ளலாம், அதை வைத்துச் சம்பாதிக்கவும் தடை கிடையாது. 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. தட்டைப் படம் மட்டும் போட லிப்ரேகேட் இருக்கிறது. ஆட்டோகேட் கம்பெனியும் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. ஆனால் படிப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும், அதைக் கொண்டு கூலி வேலை செய்யக் கூடாது. திருட்டுக் காப்பியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். வைரஸ் வரும், பிடிபட்டால் கேஸும் வரும்.

கம்பெனி டிராயிங்கை வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம். ஆகவே மாப்பிள்ளை வீட்டுச் சாமான்களை அளக்க ஆரம்பித்தார். குக்கர் வெயிட், குழாயின் திருகு, சைக்கிள் ஹப். குக்கர் வெயிட் காணாமல் போய் ஒரு நாள் சாதம் வேகத் தாமதமானது தனிக் கதை. ஒவ்வொன்றையும் அளந்து, உருவமாக்கி, அளவுகளோடு படத்தாளில் இறக்கினார். ஓர் அளவை மாற்றினால் உருவம் முழுதும் தானே மாறும்படி வரைவதுதான் இந்த வித்தையின் உயிர்நாடி. அது கைவந்துவிட்டால் கம்பெனிகளில் இருக்கும் சாலிட்வொர்க்ஸ், கிரியோ போன்றவற்றுக்கு மாறுவது பெரிய பாடாக இல்லை. பெயரும் பட்டனும்தான் வேறு.

காகிதம் வேண்டும் என்பவர்கள் ராஜாஜிநகர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உள்ள கர்நாடக அரசு டூல் ரூம் பயிற்சி நிலையத்தில் விசாரிக்கலாம். 1972ல் டென்மார்க் உதவியுடன் ஆரம்பித்தது. குறுகிய காலப் பாடங்களும் உண்டு. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. பரீட்சை எழுதினால் மட்டும் பணம். சிவில்காரர்களுக்கு ரெவிட் முதலானவை. அந்த வழி வேறு.

சம்பளத்தைப் பற்றி யாரும் ஆசை காட்ட வேண்டாம். 2025ல் ஜிக், பிக்ஸ்சர் செய்யும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் மாப்பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். சர்டிபிகேட்டைக் கேட்கவில்லை, அவர் எடுத்துப் போன பதினொரு படத்தாள்களை முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்தார். குக்கர் வெயிட் படத்தில் ஓர் அளவு விட்டுப்போயிருந்ததைச் சுட்டிக் காட்டினார். ஆறு மாதம் டிரயல். பழைய வேலையைவிட மாதம் 2,000 ரூபாய் குறைவு.

வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. தங்கை அதைப் பற்றி மாப்பிள்ளையிடம் பேசுவதில்லை. எனக்குத்தான் போன் செய்கிறாள்.