அப்பிச்சியின் அம்பாசடர்: 36-ல் ஒரு பங்கு!

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டுக் கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, கேம்ஸும் விளையாடியாயிற்று. அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறீர்களா? ஒரு பொம்மைக் காரை எடுத்து, உங்கள் குடும்பத்தில் ஒரு காலத்தில் ஓடிய காரைப் போலவே மாற்றிப் பாருங்களேன்! இதற்குக் கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர் மூன்றும் கைகொடுக்கும். ஸ்கேனிங், ரெசல்யூஷன், ஒர்க்ஷீட், பிரிண்ட் செட்டிங் ஆகிய நான்கையும் இந்த ஒரே வேலையில் கற்றுக்கொள்ளலாம். நான் செய்த ஒரு தவறையும் சேர்த்தே சொல்கிறேன். அதே தவறை நீங்கள் செய்யாமல் இருக்கலாம் அல்லவா!

நான் கோவையில் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் சத்தியமங்கலம். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்பிச்சி என்போம். அவரிடம் 1986-ல் வாங்கிய அம்பாசடர் இருந்தது. விளைந்த மஞ்சளை ஈரோட்டுக்கு ஏற்றிப் போனதும், கல்யாணம் காட்சிக்கு எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறியதும் அதே வண்டிதான். 2000-ல் போர்வெல் போடப் பணம் தேவைப்பட்டதால் விற்றுவிட்டார். அப்போது நான் கைக்குழந்தை. வண்டி எங்கே போனது என்று இன்று யாருக்கும் தெரியாது. பண்ணாரி அம்மன் கோயில் போய்வந்தபோது எடுத்த ஒரே ஒரு போட்டோதான் மிச்சம். அப்பிச்சிக்கு வயது 82. சரியா தவறா என்று சொல்ல அவர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

ஸ்கேல் என்றால் என்ன?

மாடல் கார் பெட்டிகளில் 1:18, 1:24, 1:43, 1:64 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிஜக் காரின் அளவில் எத்தனையில் ஒரு பங்கு என்பதே இதற்குப் பொருள். 1:43 என்ற விசித்திரமான எண், பொம்மை ரயில்களின் 'ஓ கேஜ்' அளவிலிருந்து வந்தது. அதில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். மேட்டெல் நிறுவனம் 1968-ல் தொடங்கிய ஹாட் வீல்ஸ் வரிசையில் பல கார்கள் ஏறக்குறைய 1:64 அளவில் இருக்கும்.

அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு 3-ஐ அடிப்படையாகக் கொண்ட கார். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை தயாரித்தது. அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. ஆனால் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று வரும்போது முன் கிரில் போன்றவை மாறின. எங்கள் வண்டி மார்க் 4.

கடையில் ஒரு பிளாஸ்டிக் அம்பாசடர் பொம்மை வாங்கினேன். பின்னால் இழுத்து விட்டால் ஓடும் வகை. பெட்டியில் ஸ்கேல் எதுவும் போடவில்லை. அதனால் என்ன? நாமே கண்டுபிடிக்கலாம். நிஜ அம்பாசடரின் நீளம் 4325 மி.மீ. பொம்மையின் நீளம் 120 மி.மீ. 4325-ஐ 120-ஆல் வகுத்தால் 36. ஆக என் கார் 1:36.

ஒர்க்ஷீட்டில் கணக்கு

ஒவ்வொரு அளவையும் கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்துகொள்ளுங்கள். முதல் காலத்தில் பாகத்தின் பெயர், இரண்டாவதில் நிஜ அளவு. மூன்றாவது காலத்தில் சமக்குறி போட்டு, பக்கத்து செல்லை க்ளிக் செய்து, சாய்கோடும் 36-ம் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து மவுஸால் கீழே இழுத்தால் மற்ற வரிகளுக்கும் விடை வந்துவிடும். எனக்குக் கிடைத்தவை இவை:

நீளம்: 4325 மி.மீ. – 120.1 மி.மீ.
அகலம்: 1662 மி.மீ. – 46.2 மி.மீ.
உயரம்: 1593 மி.மீ. – 44.3 மி.மீ.
முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி: 2464 மி.மீ. – 68.4 மி.மீ.
நம்பர் பிளேட்: 500 x 120 மி.மீ. – 13.9 x 3.3 மி.மீ.

பொம்மையை அளந்தேன். சக்கர இடைவெளி 68 மி.மீ., சரி. அகலம் 48 மி.மீ. கொஞ்சம் குண்டு! அதை மாற்ற முடியாது, விட்டுவிட்டேன்.

போட்டோவை ஸ்கேன் செய்தல்

ஆல்பத்துப் படத்தை 600 டிபிஐ ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்யுங்கள். டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. 6 x 4 அங்குலப் படம் 3600 x 2400 பிக்ஸெல் ஆகிவிடும். பிஎன்ஜி அல்லது டிஃப் வகை ஃபைலாக சேமியுங்கள். ஜேபெக் ஃபைலைத் திருத்தித் திருத்தி சேமித்தால் ஒவ்வொரு முறையும் தெளிவு கொஞ்சம் குறையும். ஸ்கேன் செய்த மூல ஃபைலைத் தொடாமல் ஒரு காப்பி எடுத்து, அதில்தான் வேலை செய்ய வேண்டும். இது ஏன் முக்கியம் என்று பிறகு தெரியும்.

படத்தைத் திருத்த கிம்ப் போதும். இதுவும் இலவச சாப்ட்வேர்தான். எங்கள் படம் பழசாகிச் சிவந்து போயிருந்தது. வண்டி பழுப்பா, ஊதாவா என்றே தெரியவில்லை. ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் அப்பிச்சி வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். வேட்டி வெள்ளை என்பது நமக்குத் தெரியும் அல்லவா? கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு டயலாக் பாக்ஸ் வரும். அதில் வெள்ளையைக் குறிக்கும் சொட்டுக்குழாய் படத்தை க்ளிக் செய்து, பிறகு வேட்டியில் வெயில் பட்ட இடத்தில் க்ளிக் செய்தேன். படம் முழுவதும் நிறம் மாறியது. வண்டி வெளிர் நீலம்! அந்த நிறத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், வண்டிகளுக்குப் பெயின்ட் கலக்கும் கடையில் காட்டி, அதற்கு நெருக்கமான ஸ்பிரே கேன் வாங்கினேன்.

படத்தில் வண்டி கொஞ்சம் சாய்ந்து தெரிந்தது. கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்புக் கோடு, முன்பக்கமாக இறங்கியிருந்தது. கேமராவைக் கோணலாகப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்து, ரொட்டேட் வசதியில் 1.2 டிகிரி சுழற்றி நேராக்கினேன். அழகாக வந்தது.

பெயின்ட் வேலை

இது கம்ப்யூட்டரில் நடக்காது, கையில்தான். பொம்மையின் அடியிலிருந்த திருகாணிகளைக் கழற்றி, கண்ணாடிப் பாகங்களை வெளியே எடுத்தேன். உலோக மாடல் என்றால் திருகாணிக்குப் பதில் ரிவிட் இருக்கும். அதைச் சிறிய டிரில் வைத்துத் துளைத்துத்தான் பிரிக்க வேண்டும். உடலை 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். பிறகு பிரைமர், அதன் மேல் நீலம் மூன்று கோட். ஒரே கோட்டில் கெட்டியாக அடித்தால் வழியும். பழைய பெயின்டை எடுக்கப் பிளாஸ்டிக்கில் தின்னரைத் தடவாதீர்கள், பிளாஸ்டிக்கே இளகிவிடும். மொட்டை மாடியில், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் தூரமாக வைத்து அடியுங்கள். பம்பருக்குச் சாக்லெட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டினேன்.

நம்பர் பிளேட்டைப் பிரிண்ட் எடுத்தல்

13.9 மி.மீ. என்பதை 25.4-ஆல் வகுத்து 600-ஆல் பெருக்குங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் இந்தக் கணக்கு. விடை 328 பிக்ஸெல். 3.3 மி.மீ.-க்கு ஏறக்குறைய 79 பிக்ஸெல். கிம்ப்பில் இந்த அளவில் புதிய படம் திறந்து, ரெசல்யூஷன் 600 என்று கொடுத்து, எண்களை எழுதினேன்.

பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் சிறிதாக வந்தது! காரணம், பிரிண்ட் டயலாக் பாக்ஸில் 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியிருந்தது. பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் தானாகவே சுருக்கிவிடுகிறது. 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று மாற்றுங்கள். முதலில் 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 96 வந்தால் எங்கோ டிக் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

"இது நம்ம வண்டி இல்ல!"

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் காரை அப்பிச்சி கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலரெல்லாஞ் செரி கண்ணு. ஆனா இது நம்ம வண்டி இல்ல."

"ஏனுங்க அப்பிச்சி?"

"நம்புளுது பொறத்தால தூக்கிட்டு நிக்கும். மஞ்ச மூட்டை ஏத்துனா டிக்கி தரையில உக்காருதுன்னு ஸ்பிரிங்குல ஒரு பட்டை சேத்திப் போட்டிருந்தேன். அப்பறம், நெம்பரு பலகை எதுக்கு வெள்ளையா இருக்குது? கருப்புல வெள்ளை எழுத்து அல்ல?"

இரண்டும் சரி. சொந்த வண்டிகளுக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்ற விதி 2000-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. பக்கவாட்டில் எடுத்த படம் என்பதால் பிளேட் தெரியவில்லை. நானும் இன்றைய வண்டிகளைப் பார்த்துச் செய்துவிட்டேன்.

பின்பக்கம் தூக்கி நின்றதோ படத்திலேயே இருந்தது! இரவு மூல ஃபைலைத் திறந்து பார்த்தேன். இரண்டு சக்கரங்களின் மையங்களையும் கிம்ப்பின் மெஷர் டூலால் இணைத்தேன். கோடு நேராகக் கிடையாக இருந்தது. கேமரா கோணல் இல்லை. வண்டியே அப்படித்தான் நின்றிருக்கிறது. கோணல் என்று நினைத்து நான் நேராக்கியதுதான் அப்பிச்சியின் ஸ்பிரிங் பட்டை. மூல ஃபைல் இல்லாமல் போயிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இனி அளப்பது சுலபம். மையத்திலிருந்து மையத்துக்கு 924 பிக்ஸெல். நிஜத்தில் அது 2464 மி.மீ. என்பதால் ஒரு பிக்ஸெல் 2.67 மி.மீ. (படம் சரியாகப் பக்கவாட்டில் எடுத்ததாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.) கதவு விளிம்பு முன் சக்கரத்தருகே இருப்பதைவிடப் பின் சக்கரத்தருகே 20 பிக்ஸெல் மேலே இருந்தது. அதாவது 53 மி.மீ. அதை 36-ஆல் வகுத்தால் 1.5 மி.மீ. ஒரு பழைய ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. இரண்டு துண்டு வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிப் பின் அச்சுக்கு மேலே வைத்தேன். கச்சிதம்!

நம்பர் பிளேட்டையும் மாற்றினேன். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. அதனால் வெள்ளை போட்டோ பேப்பரில் கறுப்பை மட்டும் பிரிண்ட் செய்தால், எழுத்துகள் பேப்பரின் வெள்ளையிலேயே வந்துவிடும்.

நீங்களும் செய்யலாம்

உங்கள் வீட்டில் ஓடியது பத்மினியாக இருக்கலாம், ஜீப்பாக இருக்கலாம், வாடகைக்கு ஓட்டிய வேனாக இருக்கலாம். நிஜ அளவுகளைத் தேடி எடுங்கள். மூல ஸ்கேனைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் எந்த சாப்ட்வேரையும் திறப்பதற்கு முன், அந்த வண்டியை ஓட்டியவரிடம் போட்டோவைக் காட்டி அரை மணி நேரம் பேசுங்கள். கண்ணாடியில் என்ன ஒட்டியிருந்தது, எந்தக் கதவு இடிபட்டது, எதை மாற்றிப் போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் இதைக் கடைசியில் செய்தேன். முதலில் செய்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி காரைக் கொண்டுபோனேன். அப்பிச்சி அதைத் திண்ணையில் வைத்து, குனிந்து பக்கவாட்டில் நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் பின்பக்கத்தை மெல்ல அமுக்கினார்.

"இப்ப செரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்கண்ணு, டிக்கி தொறக்காதா?" என்றார்.

அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது!