தேர் வடமும் துகள் முடுக்கியும்

இந்தூர்வாழ் தமிழன்பர்கள் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தை அறிவார்கள். அங்குள்ள இண்டஸ்-2 முடுக்கியில், சுமார் 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அவை ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கின்றன. அந்த இழப்பை 505.8 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகள் ஈடுசெய்கின்றன.

முன்பு அவ்வலைகளைத் தந்தவை கிளைஸ்ட்ரான் எனும் வெற்றிடக் குழாய்கள். விலையோ அதிகம், பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தமும் வேண்டும். குழாய் பழுதானால் அந்த நிலையமே முடங்கும். நாடெங்குமிருந்து சோதனைப் பொருட்களுடன் வரும் ஆய்வு மாணவர்களுக்கு, ஒளி நின்றால் பயணமே வீண்.

ஆகவே மையத்தார் டிரான்சிஸ்டர் பெருக்கிகளைத் தாமே உருவாக்கினர். ஒரு டிரான்சிஸ்டர் தருவது சில நூறு வாட்தான். அதற்கு 50 வோல்ட் அளவே போதும். நூற்றுக்கணக்கில் இணைத்தால் பல்லாயிரம் வாட் கிடைக்கிறது.

இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இதைத் தேரோட்டத்தை வைத்து விளக்கினேன். ஒற்றை யானை இழுக்கும் தேர், யானை படுத்தால் நின்றுவிடும். ஆயிரம் பேர் வடம் பிடித்தால், இருவர் கைவிட்டாலும் தேர் நகரும். ஆனால் எல்லோரும் ஒருசேர இழுக்க வேண்டும். அலைகள் முன்பின்னாகச் சேர்ந்தால் ஆற்றல் வெப்பமாக வீணாகிவிடும். அவற்றை ஒருங்கிணைப்பதில்தான் நம் பொறியாளர்களின் திறமை இருக்கிறது.