முகமூடி ஊர்கள் – 9: தாய்மாருக்காக ஆடும் ஆண்கள்

சென்ற வாரம் பார்த்த எகுன்குன், இறந்துபோன முன்னோர்கள் துணி போர்த்தி ஊருக்குத் திரும்பி வரும் விழா. இந்த வாரம் பார்க்கப்போகும் கெலெடெ, உயிரோடு நம் பக்கத்தில் நடமாடும் கிழவிகளுக்காக எடுக்கப்படுவது. யொரூபா மக்களின் விழாக்களில் என் மனத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டது இதுதான்.

நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய பெனின் நாட்டிலும் வாழும் மேற்கு யொரூபாக்களின் விழா இது. பழைய கேட்டூ அரசின் ஊர்கள்தான் இதன் தாய்வீடு. அறுவடை முடிந்ததும் ஆண்டுதோறும் நடக்கும். மழை பொய்த்தாலோ கொள்ளைநோய் வந்தாலோ தனியாகவும் எடுப்பார்கள்.

யொரூபா நம்பிக்கையில் எல்லா உயிருக்குள்ளும் ஆஷெ என்ற ஆற்றல் ஓடுகிறது. வயது முதிர்ந்த பெண்களிடம் அது நிறைந்து நிற்கிறது. ஊரார் அவர்களை ‘நம் தாய்மார்’ என்று பணிவோடு குறிப்பிடுகிறார்கள். பிள்ளை வரம், மழை, விளைச்சல் எல்லாம் அவர்கள் மனம் வைத்தால் கிடைக்கும். மனம் கசந்தால் நின்றுபோகும். இரவில் பறவையாகப் பறந்து சென்று உயிரையே எடுக்கவும் அவர்களால் முடியும் என்று நம்புகிறார்கள். உலகின் பல நாடுகளில் இப்படிப்பட்ட பயம் கிழவிகளைச் சூனியக்காரிகளாக்கி அடித்துக் கொன்றிருக்கிறது. யொரூபாக்கள் அந்தப் பயத்தைக் கலையாக மாற்றினார்கள். தாய்மார் மனம் குளிர ஊரே கூடி ஆடிப் பாடுவது என்று முடிவு செய்தார்கள். இதை மிகப் பெரிய நாகரிகமாகவே நான் கருதுகிறேன்.

இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். யெவாஜோபி என்ற தாய்க்குப் பிள்ளையில்லை. இஃபா குறி கேட்டபோது, தலையில் மரச் சிற்பமும் காலில் உலோகத் தண்டையும் அணிந்து ஆடச் சொன்னது. ஆடினாள். முதலில் ஏஃபெ என்ற மகனும் அடுத்து கெலெடெ என்ற மகளும் பிறந்தார்கள். விழாவின் இரு பாதிகளும் இந்தப் பிள்ளைகளின் பெயரையே தாங்குகின்றன: இரவு ஏஃபெயுடையது, பகல் கெலெடெயுடையது.

இரவுப் பாதி நடப்பது சந்தைத் திடலில். யொரூபா ஊர்களில் சந்தை பெண்கள் கையில் இருப்பது. மனிதரும் ஆவிகளும் கலக்கும் இடமும் அதுவே. முகமூடிகள் ஒவ்வொன்றாக வந்து வழியைத் துப்புரவாக்குகின்றன. ஒன்று திடலைப் பெருக்குகிறது. ஒன்று தலையில் நெருப்பைச் சுமந்து வருகிறது. பிறகு டெடெடெ என்ற பெண் முகமூடி வந்து ஏஃபெயை அழைக்கிறது. அவன் வந்ததும் தெய்வங்களுக்கும் தாய்மாருக்கும் மூத்தோருக்கும் வணக்கம் பாடுகிறான். அதன் பிறகு ஊர்க் கணக்கைத் திறக்கிறான். பொதுப்பணத்தைத் தின்றவன், அடுத்தவர் குடும்பத்தைக் கெடுத்தவன், வாக்குத் தவறிய அரசியல்வாதி என்று யாரும் தப்புவதில்லை. கேலியும் வசவும் வாழ்த்தும் கலந்த பாட்டை, கூட்டம் வாங்கித் திருப்பிப் பாடுகிறது. விடியும்வரை இது நடக்கும். பாடியதற்காக அவனை யாரும் பழிவாங்கக் கூடாது, ஏனென்றால் தாய்மாரின் காவலில் நின்று பாடுகிறான். நீதிமன்றமும் பத்திரிகையும் செய்ய வேண்டிய வேலையை ஓர் இரவில் ஒரு பாடகன் செய்கிறான்.

மறுநாள் பிற்பகல் ஆட்டம். முதலில் சிறுவர்கள், பிறகு தேர்ந்த ஆட்டக்காரர்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி முகமூடி அணிந்த இருவர் இணையாக இறங்குவார்கள். எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் பெண் வேடம். மார்பும் இடுப்பும் பருத்துத் தெரியும்படி கட்டிக்கொள்கிறார்கள். மேலே சுற்றும் துணிகளில் பல, ஊர்ப் பெண்களிடம் இரவல் வாங்கிய தலைத்துணிகளும் பிள்ளையை முதுகில் கட்டும் துணிகளும். பறை சொல்லும் சொற்கட்டைக் காலின் தண்டை அச்சு மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் அடி பிசகினாலும் கூட்டம் கண்டுபிடித்துவிடும். எகுன்குனில் உள்ளே இருப்பவர் யாரென்று சொல்வதே குற்றம். இங்கே மெல்லிய துணிக்குப் பின்னால் முகம் தெரிகிறது. நன்றாக ஆடியவனை ஊரே பெயர் சொல்லிப் பாராட்டுகிறது.

முகமூடியின் கீழ்ப்பகுதி, தலையில் தொப்பி போல் அமரும் அமைதியான பெண் முகம். அதன் மேலேதான் சிற்பி விளையாடுகிறான். பாம்பைக் கொத்தும் பறவை, சந்தைக்காரி, தையல் மிஷின், மோட்டார் சைக்கிள், விமானம் எல்லாம் ஏறியிருக்கின்றன. கேட்டூப் பகுதியின் இடாஹின் ஊரைச் சேர்ந்த ஃபக்பிடெ அசாமு, கயிற்றை இழுத்தால் அசையும் பொம்மைகளையே முகமூடியின் மேல் அமைத்துப் புகழ்பெற்றவர்.

ஆடுவது ஆண்கள் என்றாலும், விழாவை நடத்தும் கெலெடெ சங்கத்தின் தலைமை இயாலாஷெ என்ற பெண்ணிடம் இருக்கிறது. அவர் சொல்லாமல் எதுவும் நடக்காது.

இந்த விழா பட்ட அடிகளும் உண்டு. 1886-இல் அண்டை அரசான டஹோமியின் படை கேட்டூவை அழித்து, மக்களை அடிமைகளாக இழுத்துச் சென்றது. பின்பு பிரெஞ்சு, பிரிட்டிஷ் எல்லைக்கோடு ஒரே மக்களை இரண்டாகப் பிரித்தது. ஊர் மீண்டும் எழுந்தபோது விழாவும் எழுந்தது. இதற்கெல்லாம் முன்பே அடிமைக் கப்பல்களில் போனவர்கள் விழாவைப் பிரேசிலின் பாஹியாவுக்கும் கொண்டுபோனார்கள். சாவோ பாலோவில் 1988-இல் கறுப்பினப் பெண்கள் தங்கள் உரிமைக்காகத் தொடங்கிய அமைப்புக்குக் கெலெடெஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

யுனெஸ்கோ 2001-இல் முதன்முறையாக மானுடத்தின் வாய்மொழி, மரபுக் கலைச் செல்வங்களை அறிவித்தபோது, பெனின், நைஜீரியா, டோகோ நாடுகளுக்குப் பொதுவான கெலெடெயும் பட்டியலில் இருந்தது. கேரளத்தின் கூடியாட்டமும் அதே பட்டியலில்தான் இடம்பெற்றது.

கெலெடெ முகமூடிகள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், ஆட்டத்தின் காணொளி ஒன்றையும் தேடிப் பாருங்கள். பறையும் தண்டையும் சேராமல் அந்த மரம் கெலெடெ ஆகாது.

அடுத்த வாரம்: லாகோஸ் தீவு வெள்ளை உடுத்தும் ஏயோ.

(தொடரும்)