சயாம் மண்ணில் ஒரு மார்கழி

வேலை நிமித்தமாக அயல்நாட்டில் சில ஆண்டுகள் தங்கும் குடும்பங்களில், விடுமுறை நாள் நெருங்கினால் ஒரே பேச்சுதான்: இந்த வாரம் எங்கே போவது? திரும்பிச் செல்லும் நாள் முன்பே குறிக்கப்பட்டுவிட்டதால், பார்க்காமல் விட்ட இடம் ஒவ்வொன்றும் கடனாக மனத்தில் நிற்கும். கும்பகோணத்திலிருந்து மூன்றாண்டுப் பணி ஒப்பந்தத்தில் பாங்காக் சென்ற ஒரு குடும்பத்துக்கும் அப்படித்தான் இருந்தது. தந்தை, தாய், பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன் என நால்வர். முதல் ஆண்டு கடற்கரைகளிலும் மிதக்கும் சந்தைகளிலும் கழிந்தது. இரண்டாம் ஆண்டு மார்கழியில் ஊரிலிருந்து பாட்டி வந்து சேர்ந்தார். அதன்பின் பயணங்களின் திசை மாறியது.

பாட்டிக்கு முதலில் ஒரு கோயில் வேண்டியிருந்தது. சிலோம் சாலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார்கள். கோபுரத்தைக் கண்டதும் கைகூப்பிய பாட்டி, உள்ளே தமிழர்களைவிடச் சயாமிய மக்களே மிகுதியாக அம்மனை வணங்கி நிற்பதைப் பார்த்து வியந்து போனார்.

அடுத்த வாரம், அரண்மனை வளாகத்திலுள்ள மரகத புத்தர் ஆலயம். அதன் திருச்சுற்று மதில்களில் சயாமிய ராமாயணமான ராமகியன் 178 ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. பேரனுக்கு ஒவ்வொரு காட்சியையும் பாட்டியே விளக்கிக்கொண்டு வந்தார். ஆனால் சேது பந்தனத்தைத் தடுக்க வந்த இராவணன் மகளாகிய மச்சகன்னியிடம் அந்த நாட்டு அனுமன் காதல் கொள்கிறான் என்று அறிந்ததும் அவர் முகம் சுருங்கியது. ‘பிரம்மச்சாரியாயிற்றே!’ என்றார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பொருள் தெரியாத பாடல்

மார்கழி என்றால் விடியற்காலையில் திருவெம்பாவையும் திருப்பாவையும் ஓதுவது பாட்டியின் வழக்கம். பேத்தியையும் அருகில் அமர்த்திச் சொல்லித்தந்தார். நான்கு நாள் சென்றபின் அவள் மறுத்துவிட்டாள். பன்னாட்டுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை. வீட்டில் மட்டுமே தமிழ். ‘பொருள் தெரியாததை எதற்குப் பாட்டி சொல்ல வேண்டும்? நீங்கள் பொருள் சொல்லுங்கள், நான் பாடுகிறேன்’ என்றாள்.

பாட்டியிடம் விடை இல்லை. ஏழு வயதில் தம் தாயிடம் கேட்டு மனனம் செய்ததை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே ஓதி வருபவர் அவர். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு எவரும் அவரை நிறுத்தியதில்லை. மறுநாள் முதல் அவர் தனியாகவே ஓதினார். குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. ஊருக்குத் திரும்பும்போது பிள்ளைகளிடம் தமிழ் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற தாயின் நெடுநாள் கவலை அன்று இன்னும் கனத்தது.

தேவஸ்தானத்தில் ஓர் இரவு

பாங்காக்கின் பழைய நகர்ப்பகுதியில், வாட் சுதாத் என்னும் பௌத்த ஆலயத்தின் அருகே செந்நிறத் தேக்குத் தூண்களுடன் ஒரு மாபெரும் ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் இருப்பது தேவஸ்தானம். சக்ரி வம்சத்தின் முதல் மன்னரான முதலாம் ராமாவின் ஆட்சியில், 1784-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. சிவபெருமான், விநாயகர், நாராயணர் ஆகிய மூவருக்கும் தனித்தனி ஆலயங்கள் உண்டு. அரச சடங்குகளை நடத்தும் சயாமிய அந்தணர்களின் தலைமையிடம் இதுவே.

ஆண்டுதோறும் மார்கழியை ஒட்டி இங்கு இரு விழாக்கள் நடைபெறுகின்றன. சிவபெருமான் பூவுலகுக்கு எழுந்தருளுவதைக் கொண்டாடுவது ‘திரியம்பவாய்’. திருமாலின் வருகையைக் கொண்டாடுவது ‘திரிபவாய்’. திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே சயாமிய நாவில் இவ்வாறு உருமாறியுள்ளன. முற்காலத்தில் இவ்விழாவின்போது இளைஞர்கள் அந்தப் பெரிய ஊஞ்சலில் வானளாவ ஆடி, கம்பத்தில் தொங்கும் பொற்கிழியைப் பற்களால் கவ்வுவார்கள். உயிர்ச்சேதம் நேர்ந்ததால் 1935-ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. தெய்வத் திருவுருவங்களைச் சிறிய ஊஞ்சலில் வைத்து ஆட்டும் சடங்கு மட்டும் தொடர்கிறது. மணிவாசகரின் திருப்பொன்னூசலை அறிந்தவர்களுக்கு அதைக் காணும்போது மெய்சிலிர்க்கும்.

விழா இரவொன்றில் அக்குடும்பம் அங்கே சென்றது. வெண்ணிற ஆடை அணிந்த அந்தணர்கள் சந்நிதியில் ஓதத் தொடங்கினார்கள். பேத்தி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பாட்டிக்கும் அப்படியே. தலைமுறை தலைமுறையாகக் கிரந்த எழுத்தின் வழிவந்த சுவடிகளில் காக்கப்பட்ட தமிழ்ப் பதிகங்கள் அவை. கடல் கடந்து நூற்றாண்டுகள் ஆனதால் ஒலி திரிந்துவிட்டது. ஓதுபவர்களுக்கே தமிழ் தெரியாது. இருந்தும் ஒரு வரியையும் அவர்கள் கைவிடவில்லை என்று தந்தை மெல்லிய குரலில் விளக்கினார்.

திரும்பும் வழியெல்லாம் மகள் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், ‘அவர்களுக்கு யாரும் பொருள் சொல்ல முடியாது. நமக்கு முடியும்தானே?’ என்று கேட்டாள்.

உரையுடன் கூடிய திருவாசகம் ஊரிலிருந்து வரவழைக்கப்பட்டது. இருபது பாடல்களையும் இரவுக்கு ஒன்றாகப் பாட்டியும் பேத்தியும் படித்தார்கள். பேத்தி எழுத்துக் கூட்டி உரையை வாசிப்பாள். கடினமான சொற்களைத் தாய் விளக்குவார். விடிந்தும் உறங்கும் தோழியைக் கேலி பேசி எழுப்பும் பெண்களின் உரையாடல் அது என்று அறிந்ததும் சிறுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ‘என் வகுப்புத் தோழிகளும் இப்படித்தான்!’ என்றாள். பாட்டி சிரிக்கவில்லை. அறுபது ஆண்டுகளாகத் தம் நாவில் இருந்தது இதுதானா என்று கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பதினைந்து வாசல்கள்

பாட்டி ஊர் திரும்புமுன் கடைசிப் பயணம், ஏப்ரல் தொடக்கத்தில் பனோம் ரூங். பாங்காக்கிலிருந்து சுமார் நானூறு கிலோமீட்டர் தொலைவில், புரிராம் மாகாணத்தில், அவிந்த எரிமலை ஒன்றின் உச்சியில் கெமர் மன்னர்கள் காலத்தில் எழுந்த சிவாலயம் அது. கிழக்கு வாசலின் மேல் நடனமிடும் சிவபெருமான். அவர் திருவடிக்குக் கீழே உத்தரக் கல்லில் அரவணையில் பள்ளிகொண்ட திருமால். தில்லையில் கூத்தப்பிரானும் கோவிந்தராஜரும் அருகருகே அருள்பாலிப்பதை அறிந்த பாட்டி, ‘சிதம்பரமேதான்’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தத் திருமால் சிற்பம் 1960-களில் களவுபோய், அமெரிக்காவின் சிகாகோ அருங்காட்சியகத்திலிருந்து 1988-இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டது.

ஏப்ரல், செப்டம்பர் மாதங்களின் தொடக்கத்தில் சில நாட்கள், உதிக்கும் கதிரவனின் ஒளி அவ்வாலயத்தின் பதினைந்து வாசல்களையும் ஊடுருவிச் செல்லும். அதைக் காண இருட்டிலேயே படியேறினார்கள். முழங்கால் வலியால் பாட்டி பத்துப் படிக்கு ஒருமுறை அமர்ந்தார். பேத்தி கையை விடவில்லை. ஆனால் அன்று கீழ்வானை மேகம் மூடியிருந்தது. வெளிச்சம் வந்தபோது கதிரவன் வாசல்களின் நேர்க்கோட்டை விட்டு விலகிவிட்டான். காத்திருந்த கூட்டம் ஏமாற்றத்துடன் கலைந்தது.

கருவறையில் லிங்கத் திருமேனி இருக்கிறது. அன்றாட பூஜை இல்லை. விளக்கும் இல்லை, மணியோசையும் இல்லை. கூட்டம் விலகிய பின் அந்த அமைதியில் பேத்தி கைகூப்பி நின்று, எவரும் சொல்லாமலே, திருவெம்பாவையின் முதல் பாடலை ஓதினாள். முதலும் முடிவும் அற்ற பேரொளியாக இறைவனைப் போற்றும் பாடல் அது. நடுவில் ஓர் இடத்தில் தடுமாறினாள். பாட்டி அடியெடுத்துக் கொடுத்தார்.

பாட்டி இப்போது கும்பகோணத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவுகளில் தொலைபேசியில் திருப்பாவைப் பாடம் நடக்கிறது. இம்முறை பொருள் சொல்லித் தருபவள் பேத்தி.

பயணம் செல்வோருக்கு: தேவஸ்தான விழா சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவதால் தேதி ஆண்டுதோறும் மாறும், முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நலம். மரகத புத்தர் ஆலயத்துக்குத் தோளும் முழங்காலும் மறையும் ஆடை அவசியம். பனோம் ரூங்கில் படிகள் அதிகம்; முதியோருடன் செல்வோர் நிதானமாக ஏறவேண்டும்.