நர்ஸ் பட்டப் படிப்பில் சேர்வதற்குரிய யோக்கியதைகள்

ஒரு குடியானவர் தம் பெண்ணை உயர்தரப் படிப்புக்கு அனுப்புவது கிணறு வெட்டுவதைப் போன்ற காரியமாகும். நீரோட்டம் பாராமல் வெட்டினால் பணமும் பாடும் வீணே. திண்டிவனம், விழுப்புரம் தாலூக்காக்களில் மணிலாக்கொட்டை விற்ற பணத்தையும் நகைக்கடனையும் நம்பி மக்களைப் படிக்கவைக்கும் அங்கத்தினர் பலர். நர்ஸ் பட்டப் படிப்பின் விதிகளை அவர்கள் முன்னதாகவே அறிந்திருத்தல் அவசியம்.

இப்படிப்பு நமது ராஜதானிக்குப் புதியதன்று. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ஆம் ஆண்டிலேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-இல் ஏற்படுத்திய பயிற்சிப் பள்ளி, 1946-இல் சென்னைச் சர்வகலாசாலையின் இணைப்பைப் பெற்றுப் பட்டப் படிப்பை நடத்தலாயிற்று. அதே ஆண்டில் தில்லியிலும் இத்தகைய கல்லூரி தோன்றியது. அதுமுதல் நர்ஸ் தொழில், கைப்பழக்கத்தால் மட்டும் அமைவதன்று, விஞ்ஞான அறிவும் வேண்டுவது என்பது நிலைபெற்றது.

பொது விதிகள்

பி.எஸ்ஸி. நர்சிங் என்பது நான்கு ஆண்டுப் படிப்பு. 2021-22 முதல் எட்டுப் பருவங்களாக நடைபெறுகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதித்துள்ள முக்கிய யோக்கியதைகள் வருமாறு:

1. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிரம்பியிருத்தல் வேண்டும்.

2. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தையும் படித்துத் தேறியிருத்தல் வேண்டும்.

3. அம்மூன்று விஞ்ஞான பாடங்களிலும் சேர்த்து நூற்றுக்கு 45 மதிப்பெண் வேண்டும். அதாவது 300-க்கு 135. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு நூற்றுக்கு 40. அதாவது 300-க்கு 120.

4. தேக ஆரோக்கியம் இருத்தல் வேண்டும். விவாகமானவர்களும் சேரலாம், ஆண்களுக்கும் இப்படிப்பு உண்டு.

வாயில் மூடுவது எப்பொழுது?

மேற்கண்ட விதிகளில் இரண்டாவதை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பின்னரே கல்லூரியைப் பற்றி யோசிக்கலாம் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மையில் இதற்கு வழி திறப்பதும் மூடுவதும் பத்தாம் வகுப்புத் தேறியவுடன் பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு தேர்ந்துகொள்ளும் அந்த ஒரு நாளிலேயாம். கணிதத்துடன் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் எடுத்த பெண்ணோ, வணிகவியல் எடுத்த பெண்ணோ எத்துணை உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும், உயிரியல் படிக்காமையால் இப்பட்டப் படிப்புக்கு விண்ணப்பம் செய்ய இயலாது. ஆகவே, மகள் நர்ஸாக வேண்டும் என்ற விருப்பமுள்ள பெற்றோர், பள்ளி அருகில் இருக்கிறது, தோழி சேர்ந்திருக்கிறாள் என்னும் காரணங்களுக்காகப் பாடப்பிரிவைத் தீர்மானித்தல் கூடாது. உயிரியல் உள்ள பிரிவு எந்தப் பள்ளியில் இருக்கிறதென்று முதலில் விசாரித்தல் வேண்டும்.

தேர்வு முறை

குறைந்தபட்ச மதிப்பெண் விண்ணப்பத்துக்கு மட்டுமே உரிமை தருவது. இடம் கிடைப்பது தகுதி வரிசையையும் இட ஒதுக்கீட்டையும் பொறுத்தது. தமிழ்நாட்டில் அரசாங்கக் கல்லூரி இடங்களையும், தனியார் கல்லூரிகளில் அரசாங்கத்துக்கு விடப்பட்ட இடங்களையும் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள தெரிவுக் குழு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டு நிரப்பி வந்திருக்கிறது. சென்னை, செங்கற்பட்டு, மதுரை முதலிய ஊர்களில் அரசாங்கக் கல்லூரிகள் உள்ளன. நமக்கு மிக அருகிலுள்ள புதுச்சேரி ஜிப்மர் மத்திய அரசாங்கத்தைச் சார்ந்தது. அங்கே அண்மை ஆண்டுகளில் நீட் பரீட்சையின் மதிப்பெண்ணைக் கொண்டே சேர்த்து வருகின்றனர். ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் விளக்கக் குறிப்பைப் படித்த பின்னரே விண்ணப்பம் செய்தல் நலம்.

பணம் கட்டுமுன் பார்க்கவேண்டியது

கடன் மனுவைப் பரிசீலிக்கும்பொழுது சங்கம் பட்டாவைப் பார்ப்பதுபோல, கல்லூரிக்குப் பணம் கட்டுமுன் அதன் அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் அக்கல்லூரியின் பெயர் அவ்வாண்டுக்கு உண்டா? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டதா? 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மாகாண நர்ஸ் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டாலன்றி எவரும் நர்ஸாக உத்தியோகம் பெற இயலாது. அங்கீகாரமில்லாத நிலையம் அழகிய கட்டடமும் சீருடையும் உடையதாயினும், அது தரும் காகிதம் அப்பதிவுக்கு உதவாது. நான்கு ஆண்டுகளும் போய், நகையும் ஏலத்துக்கு வரும் நிலை அதனால் நேரக்கூடும்.

நகையை அடகு வைக்குமுன் வங்கியின் கல்விக்கடனைக் கேட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. பெற்றோர் உடன்கடனாளியாகக் கையொப்பமிட்டால் போதும். அதற்கும் கல்லூரியின் அங்கீகாரமே முதல் நிபந்தனை.

பிற வழிகள்

உயிரியல் படிக்காதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. கவுன்சில் விதிப்படி, ஆங்கிலத்துடன் பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 40 பெற்றவர்கள் எப்பிரிவினராயினும் மூன்றாண்டு நர்சிங் டிப்ளமாவுக்கு உரியவராவர். விஞ்ஞானம் படித்தவர்க்கு முதலிடம் உண்டு. டிப்ளமா பெற்றுப் பதிவு செய்துகொண்டபின் இரண்டாண்டு படித்துப் பட்டமும் பெறலாம். வழி சற்று நீளமாயினும் சென்று சேரும் இடம் ஒன்றே.

ஜாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைப் பரீட்சை முடிவு வருமுன்னரே சித்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். பொதுச் சேவை மையம் நடத்தும் கூட்டுறவுச் சங்கங்களில் இச்சான்றுகளுக்கு மனுச் செய்யலாம். சங்கக் காரியதரிசிகள் ஆண்டுதோறும் மே மாதத்தில், பத்தாம் வகுப்புத் தேறிய பெண்களின் பெற்றோரைக் கூட்டி இவ்விதிகளைப் படித்துக் காட்டுவார்களாயின், கிராமத்துக்கு அது பேருபகாரமாகும்.