ஷட்டர் ஸ்பிரிங் உடைஞ்சா என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாது

போன எபிசோட் டேட்டாபேஸ் பத்தி. இந்த வாரம் வீட்டு ஷட்டர் பத்தி. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

எங்க வீடு திருவொற்றியூர், காலடிப்பேட்டை பக்கம். கீழ் தளத்துல ஒரு ஷட்டர், உள்ள கார், அம்மாவோட ஸ்கூட்டி. ஒரு நாள் விடியற்காலை 'டமார்'னு ஒரு சத்தம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி டயர்தான் வெடிச்சிருக்கும்னு நினைச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். ஆறு மணிக்கு அம்மா வந்து எழுப்பினாங்க: "ஷட்டர் தூக்க முடியலடா. அப்பாவுக்கு நேரமாச்சு."

அப்பாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அன்னிக்கு ஆட்டோ பிடிச்சுப் போயிட்டோம். ஆனா நாளை மறுநாள் மறுபடியும் போகணும், ஷட்டர் மெக்கானிக் போன் எடுக்கல. நான் படிச்சது மெக்கானிக்கல், பார்க்குற வேலை சாஃப்ட்வேர். தமிழ்நாட்டுல இது ஒரு பெரிய ஜாதி, உங்களுக்கே தெரியும். சரி, நாமே மாத்திடலாம்னு யூடியூப் திறந்தேன். முதல் தப்பு அதுதான்.

அங்க வர்ற வீடியோ எல்லாம் அமெரிக்காவோட கராஜ் கதவு. 1921ல சி.ஜி. ஜான்சன் கண்டுபிடிச்ச, மேல தூக்குற கதவோட வாரிசுகள். நாலஞ்சு பெரிய பலகையா மடங்கி, தண்டவாளத்துல ஓடி, கூரைக்குக் கீழ படுத்துக்கும். ஸ்பிரிங் வாசலுக்கு மேல வெளிப்படையாவே இருக்கும். அதை முறுக்குறதுக்குன்னே துளை போட்ட கூம்பு, அதுல சொருக ரெண்டு இரும்புக் கம்பி. நம்ம ஊர் ஷட்டர்ல இது எதுவுமே கிடையாது. இங்க தகட்டுப் பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு கோத்து, மேல பாய் மாதிரி சுருளும். நடுவுல ஒரு இரும்புப் பைப். அது சுத்தாது, ரெண்டு பக்கமும் பிராக்கெட்ல கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கும். அந்தப் பைப் மேல சுத்துற உருளைகள், ஒவ்வொண்ணுக்கு உள்ளேயும் ஒரு கம்பிச் சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங்கோட ஒரு முனை பைப்புல, இன்னொரு முனை உருளையில. ஷட்டரை இழுத்து மூடும்போது உருளை சுத்தும், ஸ்பிரிங் முறுக்கேறும். அந்த முறுக்குதான் மறுநாள் காலையில உங்களுக்காக ஷட்டரைத் தூக்குது.

எவ்வளவு எடைன்னு பார்ப்போம். எங்க வாசல் 9 அடி அகலம், 7 அடி உயரம், அதாவது 5.85 சதுர மீட்டர். தகடு 1.2 மில்லிமீட்டர். வெறும் சமதளத் தகடுன்னு வச்சாலே 55 கிலோ. வளைவு, கொக்கி மடிப்பு, அடியில இருக்குற கனமான பட்டை எல்லாம் சேர்த்தா 70 கிலோவுக்குக் குறையாது. அதை அம்மா தினம் ரெண்டு கையால தூக்கினாங்கன்னா, தூக்கினது அம்மா இல்ல. ஸ்பிரிங். எங்க ஷட்டர்ல மூணு இருந்துச்சு, ஒண்ணு போயிடுச்சு.

இனி என் ரெண்டாவது தப்பு. பக்கத்து வீட்டுக்காரங்க மூணு பேரைச் சேர்த்துக்கிட்டு ஷட்டரை முழுசா மேல தூக்கி, சுருளைக் கயிறு போட்டுக் கட்டினோம். அதுவரைக்கும் சரி. மூடியிருக்கும்போது முறுக்கு உச்சத்துல இருக்கும், திறந்தா குறையும். அதனால மேல போயிட்டா முறுக்கு பூஜ்யம்னு நான் முடிவு பண்ணிட்டேன். அது பூஜ்யம் இல்ல. ஷட்டர் மாட்டும்போதே பைப்பை சில சுத்து முறுக்கிட்டுதான் கிளாம்ப் போடுவாங்க. இல்லன்னா கடைசி ரெண்டடிக்குத் தூக்க பலம் இருக்காது. அந்த ஆரம்ப முறுக்கு, ஷட்டர் எங்க நின்னாலும் உள்ளயே இருக்கும்.

பைப் ரெஞ்சைப் பைப்புல மாட்டினேன். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினேன். மிச்சம் இருந்த ரெண்டு ஸ்பிரிங் பைப்பைத் திருப்புச்சு, ரெஞ்ச் கையை விட்டுப் பறந்து சுவர்ல அடிச்சுது. என் முகத்துக்கும் அந்த இடத்துக்கும் ஒரு ஜாண் இருக்கும். சுவர்ல அந்தக் குழி இன்னும் இருக்கு. அம்மா பூச விடல.

சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் வந்தார். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாபா, நேர்லயா நின்ன?" அவ்வளவுதான் கேட்டார். அவர் செஞ்சதைப் பாருங்க. ரெஞ்ச் சுத்துற வட்டத்துக்குள்ள உடம்போட எந்தப் பாகமும் இல்லாம, பக்கவாட்டுல நின்னார். ரெஞ்ச் ரெண்டு. ஒண்ணு பிடிச்சு கால் சுத்து விட்டதும் உதவியாள் இன்னொண்ணால பிடிப்பான். பைப்புல சாக்பீஸ் கோடு போட்டு, எத்தனை சுத்து இறங்குதுன்னு வாய்விட்டு எண்ணினார். முழுசா இறங்கின அப்புறம்தான் பட்டைகளைக் கழட்டி, பைப்பை இறக்கினார். திரும்ப மாட்டும்போது அதே கணக்குல ஏத்தி, ஒரு சோதனை: ஷட்டரைப் பாதி உயரத்துல விட்டா அங்கேயே நிக்கணும். கீழ விழுந்தா முறுக்கு போதல, விருட்டுனு மேல பறந்தா அதிகம்.

ஸ்பிரிங் வாங்குற விஷயத்துல ஒண்ணு நம்ம கையில இருக்கு. 'எல்லாம் ஒரே சைஸ்தான் சார்'னு சொன்னா நம்பாதீங்க. முறுக்கு பலம் கம்பி விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறி இறங்கும். கம்பி 10 சதவீதம் மெல்லிசா இருந்தா பலம் 34 சதவீதம் போயிடும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பழைய துண்டை எடுத்துட்டுப் போய், வெர்னியர்ல அளந்து வாங்குங்க. அரசு வேலைகளுக்கு மத்தியப் பொதுப்பணித் துறை ஷட்டர் கேட்கும்போது, 27.5 சென்டிமீட்டர் நீள ஸ்பிரிங், கம்பி ஐஎஸ் 4454 தரம்னு எழுதியே கேட்குது. நாமளும் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். மூணுல ஒண்ணு உடைஞ்சா மூணையும் மாத்துங்க. மிச்ச ரெண்டும் அதே வருஷங்கள், அதே எண்ணிக்கை உழைச்சதுதான்.

அமெரிக்காவுல சாதாரண கராஜ் ஸ்பிரிங்கை 10,000 தடவை திறந்து மூடுறதுக்குன்னு கணக்குப் போட்டுத்தான் செய்றாங்க. ஒரு வீட்டுல தினம் நாலு தடவைன்னா கிட்டத்தட்ட ஏழு வருஷம். ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கு: உப்புக் காத்து. கம்பி மேல துரு ஒரு சின்னக் குழி தோண்டும், விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். முறுக்கேறும்போதெல்லாம் அது கொஞ்சம் நீளும். ஒரு விடியற்காலையில 'டமார்'.

ஆனா ஷட்டர் கனமானா ஸ்பிரிங்தான் குற்றவாளின்னு முடிவு பண்ணிடாதீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிஞ்ச அப்புறம், எங்க தெருவுல பாதி ஷட்டர் தூக்க முடியாம போச்சு. தண்ணி மேல இருக்குற ஸ்பிரிங்கைத் தொடவே இல்ல. ரெண்டு பக்க கைடு சேனல்ல சேறு, கீழ்ப் பட்டைகள்ல துரு. எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்த பக்கம் இன்னும் மோசம். அதை நல்ல தண்ணியில கழுவிக் காய வச்சாலே பாதி சரியாகும். சேனல்ல கிரீஸ் மட்டும் அப்பாதீங்க, ரோட்டுப் புழுதியும் மணலும் வந்து ஒட்டி உப்புத்தாள் ஆயிடும். கிரீஸ் மேல ஸ்பிரிங்குக்குத்தான்.

'மோட்டார் போட்டா இந்தத் தொல்லையே இல்லையே'ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஸ்பிரிங் வச்ச ஷட்டர்ல மோட்டார் ஓட்டத்தான், தாங்குறது அப்பவும் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் செத்த ஷட்டர்ல மோட்டார் மாட்டினா அடுத்தது கியர் சாகும்.

அவசரத்துக்குத் தூக்கியே ஆகணும்னா நாலு பேர் சேர்ந்து தூக்குங்க. தூக்கி, ரெண்டு பக்கமும் நல்ல கனமான சவுக்குக் கட்டை முட்டுக் கொடுங்க. செங்கல் அடுக்காதீங்க. வண்டியை எடுங்க, குழந்தைங்களை அந்தப் பக்கமே விடாதீங்க, உடனே இறக்கிடுங்க.

புது ஸ்பிரிங் போட்ட மறுநாள் டயாலிசிஸ் நாள். அம்மா ஒரு கையால ஷட்டரைத் தூக்கிட்டு, "இவ்ளோ லேசாவா இருந்துச்சு முன்னாடி?"ன்னு கேட்டாங்க. இல்ல. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கனம் ஏறியிருக்கு, யாரும் கவனிக்கல. உங்க வீட்டு ஷட்டரை இன்னிக்கு ராத்திரி பாதியில விட்டுப் பாருங்க, கையை அடியில வைக்காம. கீழ இறங்குச்சுன்னா காலையில மெக்கானிக்குக்குப் போன் போடுங்க.